காய்கறியைத் தட்டில் ஏற்றுவது எப்படி? பினாங்குத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய அளவு பழமும் காய்கறியும் உண்பதில்லை என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுறுநிலை ஆய்வு சொன்னது. இருபது பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவர்தான் தேறுகிறார். அதே ஆய்வில் நீரிழிவு எந்த இனத்தாரிடம் மிகுதி என்று பார்த்தால் அங்கே இந்தியர்களான நமக்குத்தான் முதலிடம்.

இதைக் கேட்டதும் ஆலய நிர்வாகமோ இளைஞர் மன்றமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முதலில் செய்வது பதாகை அடிப்பது. ஆப்பிள், திராட்சை, புரோக்கோலி படம் போட்டு, மேலே ‘காய்கறி உண்போம், நோயின்றி வாழ்வோம்’ என்று எழுதுவார்கள். கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் படங்கள், ஆப்பிளைவிடப் பெரிதாக. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பதாகையின் நிழலிலேயே கறிபாவும் ரோஸ் சிரப்பும் பரிமாறப்படும்.

காய்கறி உடம்புக்கு நல்லது என்பதை அறியாத தமிழர் பினாங்கில் ஒருவரும் இல்லை. அவருக்கு வேண்டிய தகவல் வேறு: எந்தக் காய், எந்த வேளையில், எந்தக் கடையில், யார் கையால் தட்டுக்கு வரும். அது வருவதற்கு வழி செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் ‘நாளுக்கு ஐந்து’ என்ற முழக்கம் 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கி 1991இல் நாடு முழுவதும் பரவியது. முழக்கத்தை அறிந்தவர் தொகை வளர்ந்தது. தட்டில் ஏறியதோ மிகச் சொற்பம். பெரும் பணமும் தேசியப் புற்றுநோய்க் கழகமும் பின்னால் நின்ற இயக்கத்துக்கே அந்தக் கதி என்றால், நமது மன்றத்தின் துண்டறிக்கை என்ன செய்துவிடும்? ஆகவே துண்டறிக்கை இந்த வழிகாட்டியில் கடைசியில்தான் வருகிறது.

முதல் படி: ஓர் ஆளையும் ஒரு வேளையையும் தேர்ந்தெடுங்கள்

‘பினாங்கு வாழ் தமிழர்’ என்பது செய்தி சொல்வதற்கேற்ற பிரிவு ஆகாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் காலையில் பஸ்ஸில் தூங்கி வழியும் பெண்ணும், பிறை அடுக்குமாடியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பையனும் உண்ணும் இடமும் நேரமும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. மூவருக்கும் சேர்த்து ஒரு வாசகம் எழுதினால் அது ஒருவருக்கும் சேராது.

வேளையையும் ஒன்றாகக் குறுக்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் காலைப் பசியாறுதலில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ரொட்டி சானாயோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. நாசி லெமாக்கில் இருக்கும் இரண்டு வெள்ளரித் துண்டுகளை மூன்றாக்குவதற்குள் ஆண்டு போய்விடும். மதியச் சோறும் ஆலய அன்னதானமும்தான் எளிய வாசல்கள். அங்கே காய்கறிக்கு ஏற்கெனவே இடம் உண்டு, அளவுதான் குறைவு.

ஆளைத் தேர்ந்தெடுத்ததும் பத்துப் பதினைந்து பேரிடம் பேசுங்கள். ‘காய்கறி சாப்பிடுவீர்களா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் தினமும் உண்டு’ என்றுதான் பதில் வரும். நேற்று எழுந்தது முதல் தூங்கும்வரை என்னென்ன உண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பேச்சு இப்படிப் போகும்:

“நேற்று மதியம் என்ன சமைத்தீர்கள் அம்மா?”

“சோறு, சாம்பார், கோழிப் பிரட்டல்.”

“சாம்பாரில் என்ன காய்?”

“முருங்கைக்காயும் கத்தரிக்காயும்.”

“உங்கள் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது?”

“எனக்கு எங்கே தம்பி! பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டேன். நான் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.”

கடைசிக் கேள்வியைக் கேட்காவிட்டால் அந்த அம்மாவைக் காய்கறி உண்பவர் கணக்கில் எழுதியிருப்போம். சமைப்பவர் கடைசியில் சாப்பிடுகிறார், சட்டியில் மிஞ்சுவது குழம்பு. இவருக்குச் சத்துப் பட்டியல் தேவையில்லை. ‘பரிமாறும் முன் உங்கள் பங்குக் காயை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்’ என்ற ஒரே வாசகம் போதும். நல்ல செய்திகள் எல்லாம் இப்படி விசாரிக்கும்போதுதான் அகப்படும். கூட்ட அறையில் மூளையைக் கசக்கினால் கிடைக்காது.

இரண்டாம் படி: அளவைக் கரண்டிக் கணக்கில் மாற்றுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் என்கிறது. அதைத்தான் 80 கிராம் வீதம் ஐந்து பங்காகப் பிரித்துச் சொல்கிறார்கள். நமது சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி காய்கறியில் மூன்று பங்கு, பழத்தில் இரண்டு பங்கு என்கிறது. மலேசிய ஆரோக்கியத் தட்டு இன்னும் எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காயும் பழமும்.

கிராமை யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. சமைத்த கீரையோ பொரியலோ அரைக் குவளை ஒரு பங்கு. உங்கள் சமையலறையில் இருக்கும் கரண்டியால் அரைக் குவளையை ஒருமுறை அளந்து, எத்தனை கரண்டி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கும் கரண்டிக் கணக்கிலேயே பேசுங்கள். பழத்தில் நடுத்தர ஆப்பிளோ ஆரஞ்சோ ஒன்று, பப்பாளியில் ஒரு கீற்று.

எது கணக்கில் வராது என்பதில் தெளிவு வேண்டும், ஏனெனில் கேள்விகள் அங்கேதான் வரும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை சோற்றுக்குச் சமானம், காய்கறியில் சேரா. உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறி என்று நினைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம். தேங்காய்ச் சட்டினியும் சேராது. பழச்சாற்றைப் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 150 மில்லிலிட்டர் வரையில் ஒரே பங்காக எடுத்துக்கொள்கிறது. எத்தனை கிளாஸ் குடித்தாலும் அதற்கு மேல் கணக்கில்லை. சௌராஸ்தா சந்தை வாசலில் கண்ணாடிப் புட்டிகளில் பளபளக்கும் ஜெருக் இருக்கிறதே, மாங்காயும் ஜாதிக்காயும் சர்க்கரையிலும் உப்பிலும் ஊறியது, அதைப் பழம் என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். நடக்காது. வெட்டிய கொய்யாவின் மேல் தூவும் அசாம்போய் என்ற புளிப்பு உப்புப் பழத் தூளை மட்டும் கேட்டால் கொஞ்சம் குறைவாகத் தருவார்கள்.

மூன்றாம் படி: தடை எங்கே என்று பாருங்கள்

அறியாமையைத் தடைப் பட்டியலில் கடைசியில் எழுதுங்கள். முதலில் இருப்பவை விலை, நேரம், ருசி, பயம். நான்கையும் ஒரே செய்தியால் தீர்க்க முடியாது. ருசியை அடுத்த படியில் பார்ப்போம்.

விலையைப் பற்றி உபதேசம் செய்யக் கூடாது. கேமரன் மலையில் நாலு நாள் மழை பெய்தால் சந்தையில் கீரை விலை ஏறும் ஊர் இது. ஏறாத காய் எது, மாலையில் விலை குறையும் கடை எது என்று சொன்னால் மக்கள் காது கொடுப்பார்கள். புரோக்கோலி படத்தை விட்டுவிட்டுக் கங்கோங் கீரை, முட்டைக்கோஸ், பயற்றங்காய், பூசணி, அடுக்குமாடிக்குப் பின்னால் யாரோ நட்டு வளர்த்த முருங்கை ஆகியவற்றைக் காட்டுங்கள்.

நேரம் என்பது உண்மையில் நறுக்கும் நேரம். வேலையிலிருந்து ஆறு மணிக்கு வீடு திரும்புபவர் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார மாட்டார். ஆயத் தேவையில்லாத காய்களைச் சொல்லுங்கள்: வெண்டை, பயற்றங்காய், கோஸ், வெள்ளரி. ஞாயிற்றுக்கிழமை நறுக்கி டப்பாவில் வைக்கும் பழக்கத்தை ஒரு தெருவில் இரண்டு வீடுகள் தொடங்கினால் மற்ற வீடுகளுக்கு அது தானாகப் போய்ச் சேரும்.

பயத்தில் இரண்டு வகை. ஒன்று பூச்சிமருந்து. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாக இதைப் பற்றி எச்சரித்து வருகிறது. வீட்டுத் தோட்டம் போடவும் ஊக்குவிக்கிறது. மக்களின் பயத்தைச் சிரித்து ஒதுக்காமல், ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவது எப்படி என்று செய்து காட்டுங்கள். கழுவிச் சாப்பிடுவதால் வரும் நன்மை, மிஞ்சிய மருந்தால் வரக்கூடிய கெடுதியைவிட எவ்வளவு பெரிது என்பதையும் அப்போதே சொல்லலாம்.

இன்னொரு பயம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுடையது. ‘எனக்குச் சர்க்கரை, பழம் தொட மாட்டேன்’ என்பார். கையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நுரைத்துக்கொண்டிருக்கும். நீரிழிவுக்காரர்களும் முழுப் பழத்தை அளவோடு, வேளைக்கு ஒரு பங்காகப் பிரித்து உண்ணலாம். சாறாகப் பிழிந்தால்தான் நார் போய்ச் சர்க்கரை விரைவாக ஏறும். இவர்களுக்கான செய்தியில் பழத்தின் பெயரும் அளவும் இருக்க வேண்டும்: ‘பாதிக் கொய்யா, மாலை நான்கு மணிக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாக.’ நான்கு மணிக்குக் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லவில்லை, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கச் சொல்கிறோம். இந்த ‘பதிலாக’ இல்லாத செய்தி நீரிழிவுக்காரரிடம் போகவே கூடாது.

புரட்டாசியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாதம் முழுவதும் சைவம், ஆனால் தட்டைப் பார்த்தால் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த ‘கோழி’, ‘ஆட்டிறைச்சி’, அப்பளம், உருளைக்கிழங்கு, வடை. மீன் போன இடத்துக்குக் கீரை வரவில்லை. மக்கள் தாமாகவே உணவை மாற்றிக்கொள்ள முன்வரும் மாதம் அது. ஆண்டில் இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. அதை வெறும் பொரித்த பண்டத்துக்கு விட்டுக்கொடுப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நான்காம் படி: வாசகம் எழுதுங்கள்

ஒரு செய்தியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். அதைப் படித்தவர் அடுத்த பத்து நிமிடத்திலோ அடுத்த வேளையிலோ செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘சமச்சீர் உணவு உண்போம்’ என்பதைப் படித்துவிட்டு எழுந்து எதைச் செய்வது?

ருசியைச் சொல்லுங்கள், சத்தைச் சொல்லாதீர்கள். இதற்கு ஆதாரம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவகம் ஒன்றில் 2016இல் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. அதே காய், அதே சமையல். பெயர்ச் சீட்டு மட்டும் நாளுக்கு நாள் மாறியது. சுவையைத் தூண்டும் பெயர் வைத்த நாள்களில், வெறும் பெயர் வைத்த நாள்களைவிட 25 விழுக்காடு அதிகம் பேர் காய்கறியை எடுத்தார்கள். ‘கொழுப்பு குறைந்தது’, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பாணியில் எழுதிய நாள்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 41 விழுக்காடு. ஆரோக்கியம் என்ற சொல்லைப் பார்த்ததும் ருசி இருக்காது என்று நாக்கு முடிவு கட்டிவிடுகிறது.

நம் சமையலுக்கு இது பொன்னான செய்தி. ‘நார்ச்சத்து மிக்க புடலங்காய்’ என்று எழுதிய பலகையை எடுத்துவிட்டு ‘தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட புடலங்காய்க் கூட்டு’ என்று எழுதுங்கள். ‘வைட்டமின் நிறைந்த முருங்கைக்கீரை’ வேண்டாம்; ‘நெத்திலி வறுத்துப் போட்ட முருங்கைக்கீரைப் பிரட்டல்’ என்று போடுங்கள். ‘கொழுப்பில்லாத கோஸ்’ என்பது மருத்துவமனை வார்டை நினைவூட்டும்; ‘கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்த மொறுமொறு கோஸ்’ பசியைக் கிளப்பும். ஒரு நிபந்தனை: கோஸ் உண்மையிலேயே மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். வெந்து குழைந்து சாம்பல் நிறமான கோஸுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் மறுநாள் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் சமையல்காரரை முதல் கூட்டத்திலேயே அழைத்து உட்கார வைக்க வேண்டும். செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில்.

பயமுறுத்தல் வேண்டாம். கால் எடுத்த நோயாளியின் படத்தைப் பெரிதாகப் போட்டால் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பயத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், அதே பக்கத்தில் அவர் இன்றே செய்யக்கூடிய எளிய செயலும் இருந்தாக வேண்டும். பழியும் வேண்டாம். ‘தாய்மார்களே, பிள்ளைகளுக்கு நூடல்ஸ் கொடுத்துக் கெடுக்காதீர்கள்’ என்று எழுதுபவர் பெரும்பாலும் அடுப்பங்கரைப் பக்கம் போகாத ஆண்.

எதுகை மோனை நமக்கு ரத்தத்தில் ஊறியது, அதை விடச் சொல்லவில்லை. ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லாத வாசகத்தை ஏற்காதீர்கள், அவ்வளவுதான். சில மாதிரிகள் தருகிறேன். அப்படியே எடுக்காமல் உங்கள் ஆளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு: ‘பையில் இரண்டு வாழைப்பழம். இடைவேளைக்கு ஒன்று, பஸ் ஏறும்போது ஒன்று.’

பேரன் பேத்தியை வளர்க்கும் பாட்டிக்கு: ‘பிள்ளைகளுக்குப் போடும் அதே கரண்டியில் உங்களுக்கும் ஒன்று.’

பள்ளிப் பிள்ளைகளுக்கு: ‘கொய்யா வெட்டி வைத்திருக்கிறோம். மணி அடித்ததும் ஓடி வாருங்கள்.’

சந்தையில் கேட்கும் பெயரையே எழுதுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். நம் பாட்டிமார் கண்ணாடியைத் தேடுவதற்குள் பஸ் வந்துவிடும்.

ஐந்தாம் படி: சொல்ல வேண்டிய இடம் அகப்பைக்குப் பக்கம்

முடிவு எடுக்கப்படும் இடத்தில் செய்தி இருக்க வேண்டும். சுவரில் ஒட்டினால் சுவர்தான் படிக்கும்.

ஆலய அன்னதானத்தை எடுத்துக்கொள்வோம். சமையல் பொறுப்பாளரிடம் போன வெள்ளிக்கிழமை எத்தனை கிலோ காய் வாங்கினார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். 300 பேருக்கு 9 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 30 கிராம். ஒரு பங்குக்குத் தேவை 80 கிராம்; 300 பேருக்கு 24 கிலோ, அதுவும் காம்பும் தோலும் நீக்கிய பிறகு. 9 கிலோவை வைத்துக்கொண்டு பலகையில் என்ன எழுதினாலும் பந்தி பாதியில் பொரியல் தீர்ந்துவிடும். ஒரேயடியாக 24க்குப் போக வேண்டாம். முதல் மாதம் 15. அந்தக் கூடுதல் செலவுக்கு அப்பளத்தையும் இனிப்புப் பானத்தையும் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு நிர்வாகத்தில் ஒரு சண்டை நடக்கும். நடக்கட்டும்.

அடுத்து வரிசையைப் பாருங்கள். தட்டை எடுத்ததும் முதலில் சோறு, பிறகு சாம்பார், பிறகு பொரியல், பிறகு அப்பளம். பொரியலுக்கு வரும்போது தட்டு நிரம்பிவிடுகிறது. சோற்றுக்குப் பெரிய அகப்பை, பொரியலுக்கு ஊறுகாய்க்குப் போடுவதைவிடச் சற்றுப் பெரிய கரண்டி. பொரியல் தட்டை வரிசையின் தலைக்குக் கொண்டுவாருங்கள். சோற்று அகப்பைக்கு இணையான ஒன்றைப் பொரியலிலும் போடுங்கள். பரிமாறும் தொண்டர்களுக்கு ஒரே அறிவுரை: ‘போதுமா?’ என்று கேட்காமல் இரண்டு கரண்டி வைக்கட்டும். வேண்டாதவர் தாமே கையைக் காட்டுவார். இதற்கு வாசகமே தேவையில்லை என்றாலும், இதுதான் இந்த வழிகாட்டியின் மிக வலுவான செய்தி.

நாசி கண்டார் கடையில் இன்னும் எளிது. அண்ணன் சோற்றைப் போட்டுக் கோழி, மீன் என்று கேட்டுக்கொண்டே மூன்று குழம்பைக் கலந்து ஊற்றுகிறார். முழு வெண்டைக்காயும் கோஸும் பாகற்காயும் கண்ணெதிரே இருக்கின்றன, கேட்டால்தான் வரும். கடைக்காரரிடம் பேசி, ஒரு கேள்வியை வழக்கமாக்கச் சொல்லுங்கள்: “வெண்டையா கோஸா, எது வைக்கட்டும்?” ‘காய் வேண்டுமா?’ என்றால் ‘வேண்டாம்’ என்ற பதில் தயாராக இருக்கும். இரண்டில் ஒன்றைக் கேட்டால் பலர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். கடைக்காரருக்கும் ஒரு தட்டுக்குச் சற்று வருமானம் கூடும். எனவே அவரைச் சம்மதிக்க வைப்பது கடினமில்லை.

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் சிற்றுண்டிச்சாலை நடத்துநர்தான் முக்கியமானவர். பழம் முழுதாக இருந்தால் பிள்ளைகள் தொட மாட்டார்கள். வெட்டி, குச்சி குத்தி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் போகும். புதிய காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேலும் சுவைக்க வேண்டியிருக்கலாம். மூன்றாம் நாளே ‘என் மகனுக்குப் பாகற்காய் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் வெட்டித் தர வேண்டும். முழுதாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் பந்தல்கள். சிவப்பாகவும் மஞ்சளாகவும் இனிப்புப் பானம் ஓடுகிறது. ஒரு பந்தலாவது வெட்டிய தர்பூசணியும் அன்னாசியும் தரலாம். பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த வெட்டிய பழத்தை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: யாருக்குப் பொருந்தாது என்பதையும் எழுதுங்கள்

சிறுநீரகம் பழுதானவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழம், இளநீர், சில கீரைகள் ஆபத்தாகலாம். நட்சத்திரப் பழம், அதாவது பெலிம்பிங், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நஞ்சு. விடாத விக்கலில் தொடங்கி, மனக் குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் கூட்டத்தில் அதை வெட்டி வைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆகவே ஒவ்வொரு அச்சுத் தாளிலும் ஒரு வரி: ‘சிறுநீரக நோய் உள்ளவர்களும் வார்ஃபாரின் எடுப்பவர்களும் மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேட்டுவிட்டு மாற்றுங்கள்.’

குணமாக்கும் என்ற வாக்குறுதி எதுவும் வேண்டாம். பாகற்காய்ச் சாறு சர்க்கரையை ஓட்டிவிடும், வெண்டைக்காய் ஊறிய நீர் மாத்திரையை நிறுத்திவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு உங்கள் மன்றத்தின் முத்திரை கிடைத்தால் நாளை யாராவது மாத்திரையை நிறுத்துவார். ஒரு பொருள் நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் தடுக்கிறது. உங்கள் நிகழ்ச்சியில் கடை போட விரும்பும் சாற்றுத்தூள் வியாபாரிகளை இந்தச் சட்டத்தைக் காட்டியே மரியாதையாகத் திருப்பி அனுப்பலாம்.

ஏழாம் படி: அச்சுக்குப் போகும் முன் கேட்டுப் பாருங்கள்

வாசகத்தை வெள்ளைத் தாளில் எழுதி, உங்கள் ஆளைப் போன்ற ஏழெட்டுப் பேரிடம் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். ‘இது உங்களை என்ன செய்யச் சொல்கிறது?’ என்று கேளுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் மாற்றி எழுதுங்கள். ‘இதை நாளை செய்ய எது தடையாக இருக்கும்?’ என்பது இரண்டாவது கேள்வி. தாளை வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் வேறு பேசிவிட்டு, ‘அதில் என்ன எழுதியிருந்தது?’ என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தாண்டாத வாசகத்துக்கு அச்சுக் கூலி கொடுக்காதீர்கள்.

அதன் பிறகு துண்டறிக்கை, மின்னல் பண்பலையில் ஓர் உரையாடல், நாளிதழில் ஒரு பத்தி, குடும்பக் குழுக்களில் அரை நிமிடக் குரல் பதிவு, எது முடியுமோ அது. குரல் பதிவில் தலைவர் பேச வேண்டாம். சமைக்கும் அக்கா பேசட்டும்.

எட்டாம் படி: தட்டில் மிஞ்சியதை நிறுத்துப் பாருங்கள்

எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம், எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள் என்பது அச்சகத்துக்கும் செயலாளர் அறிக்கைக்கும் உதவும். நீங்கள் அளக்க வேண்டியது இரண்டே: சமைத்த காய்கறி எத்தனை கிலோ, எச்சில் தட்டுகளிலிருந்து வழித்த காய்கறி எத்தனை கிலோ. ஒரு தராசும் இரண்டு வாளியும் போதும். மாற்றத்துக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் எழுதி வையுங்கள். பள்ளியில் என்றால் வெட்டிய பழம் எத்தனை குவளை விற்றது என்று நடத்துநரின் கணக்கிலேயே இருக்கும்.

அளக்காமல் விட்டால் நல்ல கதைகள் உள்ளே புகுந்துவிடும். ஆப்பிளில் எல்மோ பொம்மையின் ஒட்டுப்படம் இருந்தால் பிள்ளைகள் அதையே எடுக்கிறார்கள் என்ற ஆய்வு 2012இல் வெளியாகி உலகெங்கும் மேற்கோளானது. 2017இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதை எழுதிய பிரையன் வான்சிங்க் ஆய்வு நெறியை மீறினார் என்று அவருடைய கோர்னெல் பல்கலைக்கழகமே 2018இல் அறிவித்தது. தட்டைச் சிறிதாக்கு, பெயரை மாற்று என்று இணையத்தில் உலவும் பல யோசனைகளின் மூலம் அவருடைய ஆய்வுக்கூடம்தான். சில சரியாகவும் இருக்கலாம். உங்கள் வாளியும் தராசும் சொல்லட்டும்.

ஒன்பதாம் படி: ஆண்டு முழுவதற்கும் பரப்புங்கள்

ஒரு நாள் விழாவாக நடத்தினால் ஒரு நாள் பலன்தான். பொங்கலுக்குப் பூசணியும் பரங்கியும் வீட்டுக்கு வருகின்றன. சமையல் குறிப்போடு சேர்த்துக் கொடுங்கள். தைப்பூசத்தில் பழப் பந்தல். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலேக் பூலாவில் டுரியானும் ரம்புத்தானும். டுரியானை உபதேசத்தால் நிறுத்த முடியாது என்பதால் அந்த மாதங்களில் காய்கறியை மட்டும் பேசுங்கள். புரட்டாசியில் கீரைக்கு முழு மூச்சு. தீபாவளி வாரத்தில் வாயை மூடிக்கொண்டு முறுக்கைச் சாப்பிடுங்கள். அப்போது காய்கறி பேசுபவரை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை கிலோ, எந்தக் கரண்டி, எந்தக் கூட்டு முதலில் தீர்ந்தது, எது வாளிக்குப் போனது, சந்தையில் எந்தக் கடைக்காரர் மொத்தமாக வாங்கினால் விலை குறைத்தார். சமையல் பொறுப்பாளர் மாறும்போது மடைப்பள்ளிச் சாவியோடு இந்தக் குறிப்பேடும் கைமாற வேண்டும்.